ஒன்றிய ஆபீஸ் வாசலில் நிற்கும் கல்

ராமநாதபுரம் கடலோரத்தில் சுதந்திரப் போராட்ட நினைவுச்சின்னம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிற்கிற ஏதாவது ஒரு சிலையைக் காட்டுவார்கள். இல்லையென்றால் பசும்பொன்னுக்கோ காளையார்கோவிலுக்கோ வழி சொல்வார்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்து வளாகத்தில் நிற்கும் கல்லை யாரும் சொல்வதில்லை. அதன் முன்னால் பைக்கை நிறுத்துவார்கள். நூறு நாள் வேலை விஷயமாக வந்தவர்கள் அதன் நிழலில் ஒதுங்குவார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருப்பதை நின்று படிப்பவர் குறைவு.

அந்தக் கல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1972இல் சுதந்திர வெள்ளி விழா வந்தபோது, நாடு முழுவதும் ஒவ்வொரு வட்டாரத் தலைமையிடத்திலும் ஒரு நினைவுத் தூண் வைப்பது என்று முடிவானது. ஒரு பக்கம் அரசியல் சாசனத்தின் முகப்புரை, இன்னொரு பக்கம் அந்த வட்டாரத்துத் தியாகிகளின் பெயர்கள். அப்போது வெட்டிய கல் என்பதால் முகப்புரையில் 'சமதர்ம', 'சமயச்சார்பற்ற' என்ற இரண்டு சொற்களும் இருக்காது. அவை 1976இல் 42ஆவது திருத்தத்தில்தான் சேர்ந்தன. யாரோ வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று சண்டைக்கு நிற்கத் தேவையில்லை, கல்லின் வயது அது.

அதே வெள்ளி விழா ஆண்டில்தான் தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம் வழங்கப்பட்டது. அதே ஆகஸ்டு 15இல்தான் மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத் திட்டமும் தொடங்கியது. தமிழக அரசின் ஓய்வூதியம் அதற்கு முன்பே, 1966இல் வந்துவிட்டது. கல், செம்புத் தகடு, பென்ஷன் மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்ததைக் கவனித்தால்தான், எந்தப் பெயர் ஊரில் நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பது புரியும். மூன்றுக்கும் அடிப்படை காகிதம்.

மத்திய அரசின் விதியைப் பாருங்கள். குறைந்தது 6 மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 3 மாதம். சிறைப் பதிவேட்டிலிருந்து சான்று வேண்டும். பதிவேடு கிடைக்காவிட்டால், கூடவே சிறையில் இருந்த, ஏற்கெனவே தியாகி என்று அங்கீகாரம் பெற்ற ஒருவரின் சான்று வேண்டும். தலைமறைவாக இருந்தேன் என்று சொன்னால், பிடிவாரண்டோ தேடப்படும் குற்றவாளி என்ற அறிவிப்போ காட்ட வேண்டும். தொடக்கத்தில் ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அந்த வரம்பு 1980இல்தான் நீங்கியது.

அரசாங்கப் பணம் கொடுக்கும்போது ஆதாரம் கேட்பதில் தவறு சொல்ல முடியாது. போலித் தியாகிகள் முளைத்த கதைகள் எல்லா மாநிலத்திலும் உண்டு. சிக்கல் என்னவென்றால், பென்ஷனுக்கு வைத்த சல்லடையிலேயே ஊரின் ஞாபகமும் சலிக்கப்பட்டுவிட்டது. பென்ஷன் வாங்கியவர் தியாகி, வாங்காதவர் யாரோ ஒருவர் என்று இரண்டு தலைமுறையில் ஆகிவிட்டது.

இதை 1942 திருவாடானையை வைத்துப் பார்த்தால் விளங்கும். ஆகஸ்டு 8 இரவு பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம். மறுநாள் விடிவதற்குள் தலைவர்கள் எல்லாரும் உள்ளே. என்ன செய்ய வேண்டும் என்று மேலிருந்து சொல்ல ஆள் இல்லாத நிலையில், அந்தந்த ஊர் தானாகவே முடிவெடுத்தது. அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவகோட்டைதான் கொதித்தது. அங்கே நீதிமன்றத்துக்குத் தீ வைத்தார்கள், போலீஸ் சுட்டது. சின்ன அண்ணாமலை என்ற இளைஞர், இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், மேடைப் பேச்சுக்காகக் கைதாகித் திருவாடானை கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார். பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் திரண்டு வந்து, பட்டப்பகலில் சிறையை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு தலைவரை விடுவிப்பதற்காகப் பொதுமக்களே சிறையை உடைத்த நிகழ்ச்சி தமிழ்நாட்டில் வேறு எங்கே நடந்தது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். அப்புறம் வந்தது போலீஸ் படை. ஊர் ஊராகப் புகுந்து தேடினார்கள்.

விடுவிக்கப்பட்டவரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவர் பின்னாளில் பதிப்பாளராகவும் எழுத்தாளராகவும் அறியப்பட்டவர், தன் கதையைத் தானே சொல்லிவிட்டுப் போனார். கடப்பாரை பிடித்தவர்கள் யார்? திருவாடானைச் சந்தைக்கு வந்துபோகிற சம்சாரிகள், வண்டிக்காரர்கள், கூலி ஆட்கள். இவர்களில் பிடிபட்டு, தண்டனை பெற்று, 6 மாதம் முழுசாக உள்ளே கிடந்தவருக்குக் காகிதம் இருக்கிறது. ரிமாண்டில் கொஞ்ச நாள் இருந்து சாட்சி இல்லாமல் விடுதலையானவருக்கு மாதக்கணக்கு போதாது. பனங்காட்டுக்குள்ளும் சொந்தக்காரர் வீட்டிலும் ஒளிந்து தப்பியவருக்கு ஒன்றுமே இல்லை. கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்தவர்தான் வரலாற்றிலிருந்தும் தப்பிப் போய்விட்டார்.

இதில் பலரும் மறந்துவிடுகிற ஒரு நிர்வாகச் சங்கடமும் உண்டு. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளை வெட்டி ஒட்டி ராமநாதபுரம் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். ஆனால் கலெக்டர் ஆபீஸ் வெகுகாலம் மதுரையில்தான் இருந்தது. 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகுதான் நிலைமை மாறியது. தொண்டியிலோ சாயல்குடியிலோ இருந்த ஒரு கிழவர், தான் 1942இல் சிறை போனதை 1972இல் நிரூபிக்க மதுரைக்கு அலைய வேண்டும். தாலுகா ஆபீசிலிருந்து ஒரு தாள், சிறையிலிருந்து ஒரு தாள், கலெக்டர் ஆபீசில் ஒரு முத்திரை. மறு நாள் வரச் சொன்னால் மதுரையில் தங்க இடம் வேண்டும். பஸ் சார்ஜுக்குக் கடன் வாங்கி எத்தனை தடவை போக முடியும்? படித்த மகன் இருந்த வீட்டுக்குக் காகிதம் வந்தது. ஊர் மணியக்காரரோடு மனஸ்தாபம் இருந்த வீட்டுக்கு வந்திருக்காது.

சரி, உள்ளூரில் போராடியவர் நிலை இது. கடல் கடந்து போராடியவர் கதை இன்னும் சிக்கல்.

ராமநாதபுரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ஆள் கிளம்பிவிடும். கொழும்பு, பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று போகாத குடும்பம் இந்தக் கரையில் குறைவு. கீழக்கரை, தொண்டிப் பக்கத்து முஸ்லிம்கள் வியாபாரத்துக்குச் சபர், அதாவது கடல் கடந்த பயணம், போனார்கள். உள்ளூர்க் கிராமங்களிலிருந்து போனவர்கள் ரப்பர் தோட்டத்துக்கும் துறைமுக வேலைக்கும் போனார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஊருக்குக் கடிதம் நின்றது, மணியார்டர் நின்றது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21இல் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். அந்தப் படை முதலில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு உருவானது. நேதாஜி வந்த பிறகு தோட்டத் தொழிலாளர்களும் கடைச் சிப்பந்திகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அதில் தமிழர்களே மிகுதி. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களிலும் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்தான்.

எல்லாரும் தேசபக்தி பொங்கித்தான் சேர்ந்தார்கள் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது முழு உண்மையாகாது. தோட்டங்கள் மூடிக் கிடந்தன, அரிசி இல்லை. சயாம் மரண ரயில்பாதை வேலைக்கு ஜப்பானியர் தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. படையில் சேர்ந்தால் அதிலிருந்து தப்பலாம் என்பதும் ஒரு காரணம். அதனால் அவர்கள் தியாகம் குறைந்துவிடாது. கங்காணிக்கும் துரைக்கும் முன்னால் கைகட்டி நின்றவர் கையில் துப்பாக்கி வந்தது, சாதி பார்க்காத ஒரே சமையலில் சாப்பாடு கிடைத்தது. அந்த அனுபவத்தைப் பசி மட்டும் விளக்காது.

1944இல் இம்பால் முற்றுகை. மழை, மலேரியா, பட்டினி. துப்பாக்கியால் செத்தவர்களைவிட நோயாலும் பசியாலும் செத்தவர்கள் அதிகம். பின்வாங்கியவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் பிடித்து 'வெள்ளை', 'சாம்பல்', 'கறுப்பு' என்று நிறம் பிரித்தது. கறுப்பு என்றால் மனசார எதிரியோடு சேர்ந்தவன். இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது டெல்லி செங்கோட்டையில் நடந்த வழக்கில் ஷா நவாஸ் கான், சாகல், தில்லான் மூவரும் ஊரறிந்த பெயர்களானார்கள். தோட்டத்திலிருந்து போய்த் திரும்பிய சாதாரண ஆள் கப்பல் ஏறி வந்து, மறுபடி ஏர் பிடித்தார். சுதந்திர இந்தியாவின் ராணுவம் இந்திய தேசிய ராணுவத்தினரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இவர்களுக்கு ஒரு கல் இருந்தது. 1945 ஜூலை 8இல் சிங்கப்பூர் கடற்கரையில், உயிர்நீத்த வீரர்களுக்கான நினைவுச்சின்னத்துக்கு நேதாஜியே அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற பொருள் தரும் மூன்று உருதுச் சொற்களை அதில் பொறித்தார்கள். செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் மவுண்ட்பேட்டன் உத்தரவில் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். இரண்டு மாதம்கூட முழுசாக நிற்கவில்லை. 1995இல் சிங்கப்பூர் அரசின் மரபுடைமைக் கழகம் அதே இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைத்தது. மணிப்பூரில் மொய்ராங் என்ற ஊரில் அதன் மாதிரி ஒன்று நிற்கிறது.

எதிர்ப் பக்கம் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். அதே இம்பாலில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்காகச் செத்தவர்களுக்குப் புல்வெளியோடு பராமரிக்கப்படும் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, பெயர் பொறித்த கல்லோடு. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷார் பல கிராமங்களில் சலவைக்கல் பதித்தார்கள்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். அந்தக் கற்களில் எண் இருக்கும், பெயர் இருக்காது. ஆனாலும் கல் வைத்தார்கள். ராமநாதபுரத்துக் கிராமத்திலிருந்து போய் இம்பாலில் இந்திய தேசிய ராணுவத்துக்காக விழுந்தவருக்குக் காட்டில் குழி, ஊரில் ஒரு தேதி தெரியாத திதி.

ஓய்வூதியத் திட்டம் இவர்களையும் தியாகிகளாக ஏற்றது. ஆனால் மறுபடி காகிதம். சிப்பாயாக இருந்து மாறியவர்களுக்கு ராணுவப் பதிவு இருந்தது. தோட்டத்தில் சேர்ந்தவர்கள் பலரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். சேர்ந்த பெயர் ஒன்று, ஊரில் கூப்பிடும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் மூன்றாவது ஒன்று. கூட இருந்த ஒருவர் சான்று கொடுத்தால் உண்டு. அந்த ஒருவர் தஞ்சாவூர்க்காரராக இருந்தால் எங்கே போய்த் தேடுவது?

இன்னும் பின்னால் போனால், கல்லே இல்லாத காலம் ஒன்று வருகிறது. ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதி 1760இல் பிறந்தவர். 1772இல் ஆற்காடு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கும்பெனிப் படையும் ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தபோது சிறுவனாகத் திருச்சிக் கோட்டைக்குக் கைதியாகப் போனார். திரும்பி வந்து ஆண்டு, கும்பெனியின் வியாபாரத்துக்கு வளைந்து கொடுக்காமல் முரண்டு பிடித்து, 1795 பிப்ரவரியில் மறுபடி பதவி பறிக்கப்பட்டார். 1809இல் சென்னைக் கோட்டையில் கைதியாகவே இறந்தார். அவருக்காக 1799இல் முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் பக்கம் கலகத்தைக் கிளப்பிய சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரரை 1802இல் தூக்கில் போட்டார்கள். இடையில் 1801இல் மருது சகோதரர்களின் போர். அதே ஆண்டு டிசம்பரில் கும்பெனி கவர்னர் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தார். தோற்றவனுக்குக் கல் நடுகிற தைரியம் அந்தச் சமயத்தில் எந்த ஊருக்கு வரும்?

நட்டிருந்தாலும் நமக்குத் தெரியாத வடிவத்தில் நட்டிருப்பார்கள். போரில் விழுந்தவனுக்குக் கல் எடுத்து, நீராட்டி, நட்டு, படையல் போடுகிற முறையைத் தொல்காப்பியமே வரிசைப்படுத்திச் சொல்கிறது. அந்தப் பழக்கம் பிற்காலத்தில் கருப்பு, முனி, வேடியப்பன் என்று சாமியாகிப் போனது. ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் பீடம் எல்லாம் விடுதலை வீரன் என்று சொல்லிவிட முடியாது. சில இடங்களில் இப்போது அப்படிச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள், எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஆனால் 1800ஐ ஒட்டிச் செத்தவர்களை இந்த ஊர்கள் நினைவில் வைத்தது பொங்கல் வைத்தும் கிடா வெட்டியும்தான். அரசு இன்று அவர்களில் பெரியவர்களை ஏற்கிறது. மருது சகோதரர்கள், முத்துராமலிங்க சேதுபதி, கட்டபொம்மன், வ.உ.சி. ஆகியோரின் வழித்தோன்றல்களுக்கான மாதாந்திரச் சிறப்பு ஓய்வூதியத்தை 2024 சுதந்திர தினத்தில் முதல்வர் 10,500 ரூபாயாக உயர்த்தினார். மயிலப்பனோடு போன ஆட்களின் வழித்தோன்றல்களை எந்தப் பட்டியலில் தேடுவது?

இனி கல்லின் உடம்பைப் பற்றி. கடலோர ஊர்களில் நினைவுச்சின்னம் கட்டுவது உள்ளூர்க்காரர்கள் நினைப்பதைவிடக் கஷ்டமான காரியம். இங்கே கருங்கல் கிடையாது. அந்தக் காலத்தில் வீடும் கோயிலும் கட்டப் பவளப்பாறைக் கல்லையும் சுண்ணாம்பையும் பயன்படுத்தினார்கள். தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவரில் இன்றும் அந்தக் கல்லைப் பார்க்கலாம். பவளப்பாறையை எடுப்பது இப்போது குற்றம். கருங்கல் மதுரைப் பக்கமிருந்து லாரியில் வர வேண்டும். பணம் போதாத ஊர் செங்கல் தூண் கட்டி, சிமென்ட் பூசி, பெயரைப் பெயின்டில் எழுதிவிடும். இரண்டு வாடைக் காலம் தாங்கும். முதலில் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்பு பூக்கும். அப்புறம் பூச்சு கையால் தட்டினாலே சத்தம் மாறும். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, பூச்சைப் பட்டை பட்டையாகத் தள்ளிவிடும். கடல் மணலில் கலவை போட்டிருந்தால் இது இன்னும் சீக்கிரம்.

ஆகஸ்டு 14 சாயங்காலம் பஞ்சாயத்தில் ஆள் வைத்துப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். அடிக்கிற பையன் பழைய எழுத்தின் மேலேயே பிரஷ்ஷை ஓட்டுவான். 'சு'வின் சுழி உதிர்ந்திருந்தால் அவன் கண்ணுக்கு அது 'க'வாகத் தெரியும். சுப்பையா கப்பையாவாகி அடுத்த ஆகஸ்டு வரை நிற்பார். அதற்கடுத்த ஆண்டு அதுவே மூலம். ஒரு பெயர் அழிவதைவிட, வேறு பெயராக மாறி நிற்பது மோசம், ஏனென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வீட்டுக்குள் இருக்கும் தாமிரப் பட்டயமும் இந்தக் காற்றில் பச்சை பூத்துவிடும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், கூடவே எழுத்தும் மெலியும்.

சிலைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. இந்த மாவட்டத்தில் தலைவர் சிலை என்றால் பல இடங்களில் இரும்புக் கூண்டும் சேர்த்துத்தான். நினைவுநாள் வந்தால் தடையுத்தரவு, வாகனச் சோதனை, வெளியூர்ப் போலீஸ். போராட்டக் காலத்தில் எல்லாச் சாதியும் ஒரே கொடியின் கீழ் நின்றது என்பதும் மிகையான பேச்சுதான். ஆனாலும் 1942 கூட்டமோ நேதாஜி படையோ ஒரு சாதியின் படை இல்லை. தலைவர் ஒருவருக்கு வைக்கிற சிலையைச் சுற்றிக் கூண்டு வரும். ஒன்றிய ஆபீஸ் கல்லைச் சுற்றி வராததற்குக் காரணம், அதில் தேவர், அம்பலம், செட்டியார், ராவுத்தர், மரைக்காயர், சேர்வை, பறையர், பிள்ளை என்று யார் பெயர் வந்தாலும் அகர வரிசையில் வரும் என்பதுதான். எனக்கு அந்தக் கல் பிடித்துப்போனதற்கும் அதுவே காரணம்.

பெண்கள் பெயர் அதில் அபூர்வம். தலைமறைவாக இருந்தவனுக்குச் சோறு கொண்டுபோனவள், போலீஸ் வந்தபோது வாசலில் நின்று பேசிச் சமாளித்தவள், மலேயாவிலிருந்து பணம் வராத மூன்று வருஷம் உப்பளத்தில் கூலி வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றியவள் யாருக்கும் எந்த விதியிலும் இடமில்லை. அவர்களில் சிலர் பின்னாளில் 'தியாகியின் விதவை' என்ற பெயரில் குடும்ப ஓய்வூதியம் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

இப்போது சில கிராமங்களில் இளைஞர் மன்றமும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களும் சேர்ந்து, எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு கல் வைக்கலாமா என்று பேசுகிறார்கள். வைக்கலாம். முதல் வேலை பணம் பிரிப்பது இல்லை, பெயர் சேர்ப்பது. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1942 கலவரம் பற்றிய அரசாணைகளும் போலீஸ் அறிக்கைகளும் அங்கே உண்டு. இந்திய தேசிய ராணுவக் கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் பொதுப் பார்வைக்கு வந்துவிட்டன. வீடுகளில் தேட வேண்டியது பட்டயத்தை மட்டுமல்ல. நிராகரிக்கப்பட்ட பென்ஷன் மனுவின் நகலைத் தேடுங்கள். "போதிய ஆதாரம் இல்லை" என்று திருப்பி அனுப்பிய அந்தத் தாளில், எங்கே, எந்தத் தேதியில், யாரோடு இருந்தேன் என்று மனுதாரர் தன் வாயால் சொன்ன விவரம் முழுவதும் இருக்கும். அரசுக்கு அது போதவில்லை, ஊருக்குப் போதும்.

பெயரோடு அப்பா பெயர், தெரு, என்ன நடந்தது, எந்த வருஷம் என்று ஒரு வரியாவது சேருங்கள். 'தியாகி' என்ற பட்டத்தை மட்டும் போட்டால் ஐம்பது வருஷம் கழித்து யாருக்கும் ஒன்றும் விளங்காது. சிறை போனவர், படைக்குப் போனவர், ஒளிந்து தப்பியவர் என்று பிரித்தே எழுதலாம், அதில் யாருக்கும் குறைவில்லை. கருங்கல்லாகவே வாங்குங்கள், எழுத்தைப் பெயின்டில் நம்பாமல் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். கல்லின் கீழ்ப்பகுதியில் நான்கைந்து வரிக்கு இடம் விடச் சொல்லுங்கள். கல் திறந்த மறுநாளே, எங்கள் தாத்தா பெயர் விட்டுப்போச்சு என்று யாராவது ஒருத்தர் ஒரு பழைய தாளோடு வந்து நிற்பார்.